தலைமைக் குழுப் பக்கத்தில் நான் எழுதாத வரி

தஞ்சாவூரில் நெல்லுக்கு நுண்ணுயிர் உரம் தயாரிக்கும் புதிய கம்பெனி அது. அவர்களுடைய இணையதளத்துக்குத் தலைமைக் குழுவைப் பற்றி எழுதித் தருவது என் வேலை. மூன்று பேர் தங்கள் பட்டங்களை மெயிலில் அனுப்பிவிட்டார்கள். வயல் சோதனைகளுக்குப் பொறுப்பான அம்மா மட்டும் நேரில் வரச் சொன்னார்.

ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், புடவைக் கரையில் காய்ந்த சேறு. உட்காரவே இல்லை. மேசையிலிருந்த மாதிரி நெல்லை ஒவ்வொன்றாக எடுத்து நறுக்கென்று கடித்துப் பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தார்.

"உங்க பின்னணி சொல்லுங்க மேடம்."

"எழுதிக்குங்க. விதைக்குப் பூஞ்சாண மருந்து கலந்தா நம்ம நுண்ணுயிர் செத்துப்போகும். பாபநாசம் பக்கம் ஆறு விவசாயிங்களுக்கு அதைச் சொல்ல மறந்துட்டேன். உரம் வேலை செய்யல. மண்ணு சரியில்லைன்னு கம்பெனி சொல்லிடுச்சு. நானும் பேசாம இருந்துட்டேன்."

"அந்த விவசாயிங்ககிட்டயே சொல்லிடலாமேங்க?"

நெல் கடிக்கும் சத்தம் நின்றது.

"ரெண்டு தடவை போனேன். வாய் வரல. நீங்க எழுதிட்டா அப்புறம் நான் சொல்லித்தானே ஆகணும்?"

நான் 'நீண்ட கள அனுபவம் உள்ளவர்' என்று எழுதி அனுப்பினேன். கம்பெனிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இப்போது கும்பகோணம் பஸ்ஸில் பாபநாசத்தைத் தாண்டும்போதெல்லாம் வரப்பில் நிற்கிற ஒவ்வொருவரையும் எட்டிப் பார்க்கிறேன். நல்ல மண்ணைத் திட்டிக்கொண்டு நிற்பது இவர்தானோ?