பாலம் தாண்டி வந்த தாய்வீடு

"கைய நீட்டுங்க" என்றாள் பூவாத்தாள். நீட்டினேன். கொதிக்கிற புளிக்காய்ச்சலில் ஒரு சொட்டை என் உள்ளங்கையில் விட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊதி ஊதி நாக்கில் வைத்தேன். "உப்பு வந்து..." என்று நான் ஆரம்பிப்பதற்குள், "நீங்க பேசாதீங்க, உங்க மூஞ்சி சொல்லிப்போட்டுது" என்று ஒரு கை கல்லுப்பை அள்ளி அண்டாவில் போட்டாள்.

அவள் தானாக ருசி பார்ப்பதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் போகிற சோறாம். ஆக்குகிறவள் வாய் வைத்தால் எச்சிலாகிவிடுமாம். ஆகவே வீதியில் போகிறவர்களெல்லாம் அவளுக்கு நாக்கு. பால்காரர், டவுன் பஸ் கண்டக்டர், கோழி வியாபாரி, பாலம் தாண்டிப் பள்ளிபாளையம் மில்லுக்குப் போகிற நான், ஒருவரையும் விடமாட்டாள். தபால்காரருக்கு வயிற்றுப்புண். பாவம், அவர் மட்டும் பக்கத்து வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். சுவர் ஓரமாகப் பதுங்கிப் போனாலும் கரண்டியோடு ஓடிவந்து பிடித்துவிடுவாள் என்று அவர் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

தொழில், கட்டுச்சோறு ஆக்கிக் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டுச் சனம் கூடை கூடையாகச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாக இறக்கி, விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவார்கள். அத்தனை பேருக்குச் சோறாக்க முடியாத அம்மாக்கள் பூவாத்தாளைத் தேடி வருவார்கள். அவள் கிளறிய எள்ளுச் சோற்றைத் தின்றுவிட்டுப் பெண்ணை அழைத்துப்போக மறந்து தூங்கிவிட்ட சம்பந்திகள் உண்டு. இது அவளே சொன்ன கதை. பாதியாவது உண்மையாக இருக்கும்.

கட்டையான உருவம், பெரிய மூக்குத்தி, முழங்கைவரைக்கும் மஞ்சள் கறை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னலைப் பார்க்கமாட்டாள், பெண்களின் வயிற்றைத்தான் பார்ப்பாள். ஒருமுறை திருச்செங்கோட்டு பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "எத்தன மாசம் சாமி?" என்று கொஞ்சலாகக் கேட்டுவிட்டாள். "இது சோறு தின்ன வயிறு, உனக்கென்ன வந்துது?" என்று அந்த அம்மாள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அதற்கப்புறமும் பூவாத்தாள் கேட்பதை விடவில்லை. கை எட்டாத தூரத்தில் நின்று கேட்கிறாள், அவ்வளவுதான்.

வாய் இப்படி. ஆனால் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வேன் நின்றதும் ஆளே மாறிவிடுவாள். கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுப்பாள், வேனை ஒட்டி நின்றுகொள்வாள். வாசல் ஏறமாட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. "பிள்ள பெறாதவ கூடையத் தூக்கிட்டு முன்னால போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நம்ம சோறு போனாப் போதுமுங்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள். நான் ஒருநாள் பார்த்தேன், வேனுக்குப் பின்னால் நுனிக்காலில் எக்கி நின்று, பெண்ணின் அம்மா படியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு மறைக்காமல் சொன்னாள். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, கூடையத் தலையில வெச்சுட்டு நானே முன்னால போகோணுங்க. அந்தப் புள்ள என்னய 'அம்மா'ங்கோணும். அப்பறம் என்னமோ ஆகட்டும்."

இந்த நேரத்தில்தான் எங்கள் மில் மெக்கானிக் மருதாசலம் ஜப்பானிலிருந்து பெண்டாட்டியோடு வந்து இறங்கினான். புது நூற்பு மெஷினைப் பழக மில்லில் அவனை ஒசாகாவுக்கு அனுப்பியிருந்தார்கள். மெஷினையும் பழகினான், அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த எமிக்கோவையும் பழகிக் கல்யாணம் செய்துகொண்டான். பள்ளிபாளையமே அவன் வீட்டு வாசலில் நின்றது. அவன் அம்மா சுப்பம்மாள் மருமகளோடு ஒரு மாதம் பேசவில்லை. எமிக்கோவுக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் அவளுக்குத் தமிழ் தெரியாது. பிறகு அவள் தமிழ் கற்றது சுப்பம்மாளிடமே. முதலில் பிடித்துக்கொண்டது 'ங்க'. அவள் ஊரிலும் எல்லாரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார்களாம். அதனால் இவள் மாட்டுக்கும் 'ங்க' போட்டாள். "தண்ணி குடிங்க" என்று எருமையிடம் குனிந்து கும்பிட்டுச் சொல்வதைப் பார்த்த அன்று சுப்பம்மாளின் கோபம் போய்விட்டது.

எமிக்கோவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் இரண்டு சங்கடங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, தாய்வீடு. அவள் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அந்த ஊரிலும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற வழக்கம் உண்டு என்று தெரிந்தபோது சுப்பம்மாள், "அப்படிச் சொல்லு, அவியளும் மனுசருதான" என்று மகிழ்ந்துபோனாள். மகிழ்ந்து என்ன செய்வது, போக முடியாதே. "கட்டுச்சோறு வராம என்ற ஊட்டுல எவளும் பிள்ள பெத்ததில்ல. தூரத்துப் புள்ளைங்கறதுக்காவ இவளுக்கு மட்டும் கொறை வெக்கறதா?" என்று சுப்பம்மாள் பிடிவாதமாக நின்றாள்.

இரண்டாவது, இன்சூரன்ஸ். நாட்டைவிட்டு வந்ததும் அங்கே இருந்த இன்சூரன்ஸிலிருந்து எமிக்கோ பெயர் போய்விட்டது. இங்கே மில் இன்சூரன்ஸில் அவள் பெயரை ஏற்றியது நான்தான், ஆபீஸில் அந்த வேலை எனக்கு. அதில் ஒரு விதி. குடும்பம் பள்ளிபாளையத்தில் குடியிருக்கும்வரைக்கும்தான் அட்டை செல்லும், அதுவும் மில் ஏற்பாடு செய்திருக்கிற ஆஸ்பத்திரியில் மட்டும். டாக்டரம்மாவோ, இரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, ஆபரேஷன் ஆனாலும் ஆகும், ஆஸ்பத்திரியைவிட்டுத் தூரம் போகாதே என்று சொல்லிவிட்டார்.

சேதி கேட்டு, அழைக்காமலே பூவாத்தாள் வந்து நின்றாள். "அம்மா வாரமுடியாட்டி என்னங்க, நான் வாரேன். கட்டுச்சோறும் நானே, தாய் ஊடும் நானே."

சுப்பம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சோறு ஆக்கறது வேற, தாய் ஊடா நிக்கறது வேற. பிள்ளயக் கண்டவதான் அதச் செய்யோணும்." முகத்துக்கு நேராகவே சொன்னாள். பூவாத்தாள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

கதவோரம் நின்ற எமிக்கோதான் பேசினாள். "எங்க அம்மா தூரமுங்க. இவிய பக்கமுங்க. எனக்கு இவிய ஊடு போதுமுங்க." எருமைக்கே மரியாதை தருகிற பெண் கேட்டால் யார்தான் மறுப்பார்கள். "சரி, சோத்தக் கொண்டாரட்டும், கூட்டிட்டுப் போகட்டும். ஆனா பிரசவத்தப்ப உள்ள நாந்தான் இருப்பேன்" என்று சுப்பம்மாள் அரை மனசாக இறங்கி வந்தாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பூவாத்தாள் குடியிருந்தது ஈரோட்டுப் பக்கம், கருங்கல்பாளையத்தில். நடுவில் காவேரி. பாலம் தாண்டிப் போய் அங்கே தங்கினால் அட்டை செல்லாது. அதைச் சொன்னபோது அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தாடையில் கைவைத்து யோசித்தாள். "ஏனுங்க, பொண்ணு தாய் ஊட்டுக்குப் போறது வழக்கம். தாய் ஊடே பொண்ணத் தேடி வந்தா உங்க இஞ்சூரன்ஸ்ல தப்புங்களா?"

தப்பென்று எந்த விதியிலும் இல்லை. மறு வாரமே பூவாத்தாள், சுப்பம்மாள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு ஓட்டுவீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். அண்டா, ஆட்டுக்கல், கோழிக்கூடு எல்லாம் மாட்டு வண்டியில் பாலம் தாண்டி வந்தன. வண்டிக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர் சடையன், தன் சைக்கிள் ரிப்பேர்க் கடைப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். "எங்கூட்டுக்காரி மாசமா இருந்தா இப்படித்தான் அலைவனுங்க" என்று சிரித்தார்.

கட்டுச்சோற்று நாளில் ஒரு கூத்து. தாய்வீட்டுச் சனம் வேனில்தான் வந்து இறங்கவேண்டும் என்று பூவாத்தாள் ஒற்றைக்காலில் நின்றாள். வீடு நாலு வீடு தள்ளி. ஆகவே கூடைகளோடு நாங்கள் வேனில் ஏறி, பாலத்தைத் தாண்டி ஈரோட்டுப் பக்கம் போய், அங்கே ஆளுக்கொரு டீ குடித்து, திரும்பி வந்து இறங்கினோம். சனம் யார் யார்? அவளுக்கு ருசி பார்த்த நாக்குகள்தாம். பால்காரர் பெரியப்பா, கண்டக்டர் சித்தப்பா, நான் தாய்மாமன். தபால்காரர்கூட அன்றைக்கு வந்தார், புளிச்சோறு இறங்காத பந்தியாகப் பார்த்து உட்கார்ந்தார். கூடையைத் தலையில் வைத்து பூவாத்தாள் முன்னால் போனாள். ஒரு படியிலும் தடுக்கவில்லை. சுப்பம்மாள் கூடையை வாங்கிக்கொண்டாள். முறைப்படி மாமியாரும் மருமகளும் பிரிவுக்கு அழுதார்கள். நாலு வீடு தள்ளிப் போனதும், பிள்ளை சாப்பிட்டாளா என்று பார்க்கச் சுப்பம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

அதன்பின் நாய்க் கதை. எமிக்கோவின் அம்மா ஒரு வெள்ளைப் பருத்தித் துணி அனுப்பியிருந்தார். வயிற்றில் சுற்றிக் கட்டுவதற்காம். நாய் சுலபமாகக் குட்டி போடும் என்பதால் அவர்கள் நாள்காட்டியில் நாய்க்கென்று இருக்கிற ஒரு நாளில் அதைக் கட்டுவது வழக்கமாம். மருதாசலம் இதை விளக்கிச் சொன்னான். பூவாத்தாளுக்கு விளங்கியது நாய் மட்டும். மறுநாள் காலையில் எங்கிருந்தோ ஒரு சினை நாயைப் பிடித்துவந்து, நெற்றியில் குங்குமம் வைத்து, தயிர்ச்சோறு போட்டு, அதன் முன்னால் எமிக்கோவை நிறுத்தித் துணியைக் கட்டினாள். எமிக்கோ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து நாயைக் கும்பிட்டு, "சாப்பிடுங்க" என்றாள். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்ததற்கு அந்த நாய்தான் காரணம் என்று பூவாத்தாள் இன்றைக்கும் சாதிக்கிறாள். நாய் இப்போது சடையனின் கடையில் குடியிருக்கிறது.

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டி நான் கையெழுத்துப் போட்டேன், மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே துணைக்கு ஒரு பெண்தான் வரலாம் என்றாள் நர்ஸ். பேசி வைத்தபடி சுப்பம்மாள் போனாள். பூவாத்தாள் வராந்தா பெஞ்சின் ஓரத்தில் போய் ஒதுங்கி உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கீழே விழுந்திருப்பாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

உள்ளே எமிக்கோ கத்த ஆரம்பித்தாள். கற்ற தமிழெல்லாம் வலியில் போய்விட்டது. ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் கத்தினாள். "ஒக்காசான்... ஒக்காசான்..." கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு சுப்பம்மாள் வெளியே வந்தாள், முகமெல்லாம் வேர்வை. "ஏன்டா மருதா, தண்ணி குடுத்தா வேண்டாங்கறா, முதுகத் தேச்சா கையத் தட்டி உடறா. அதென்னமோ கேக்கறாளே, என்னடா அது?"

மருதாசலம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "அம்மாவக் கூப்புடறா" என்றான்.

சுப்பம்மாள் பெஞ்சைப் பார்த்தாள். நடந்துபோய், பூவாத்தாளின் மடியில் இருந்த துணிப்பையை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் எழுந்ததும் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

பூவாத்தாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "வாரேன் சாமி, இதா வந்துட்டேன்" என்று வராந்தாவிலிருந்தே குரல் கொடுத்தபடி, கதவை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.