டெட்டால் வாடை அடித்த பாட்டில்

என் மூன்று வயது மகளுக்குச் சீதமும் ரத்தமுமாகப் போனது. டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்க, மலம் எடுத்துவரச் சொல்லி தர்மபுரி லேபில் பாட்டில் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, 'கிருமி வளரவில்லை' என்று ரிசல்ட் வந்தது. பிள்ளையோ துவண்டு கிடந்தாள். இருப்புக்கொள்ளாமல் கணவரோடு லேபுக்கே ஓடினேன்.

"பாட்டில்ல ஏதாச்சும் ஊத்துனீங்களா?" என்றார் லேப்காரர்.

நல்லம்பள்ளியில் டீக்கடை வைத்திருக்கும் என் கணவர், "டாக்டருங்க கையில போறதாச்சேன்னு, டெட்டால் ஊத்தி அலசித்தானுங்க குடுத்தேன்" என்றார் பெருமையாக.

"கிருமியெல்லாம் அதுலயே செத்துப்போயிருக்குமேங்க!"

மறுபடி கொடுத்தோம். அதுவரை கொடுத்த மருந்துக்கு அசையாத கிருமி வளர்ந்தது. டாக்டர் மருந்தை மாற்றியதும் மகள் தேறினாள்.

இப்போதெல்லாம் லேப் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொள்கிறேன். கழுவாத பாட்டிலைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.