தோற்கத் துடித்த இரண்டு பேர்

டேபிள் டென்னிஸில் நடுவராக உட்காருவதும் கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பதும் ஒன்றுதான். எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் நல்ல பேர் மட்டும் கிடைக்காது. விசிலும் அட்டையுமாகப் பிழைக்கிற நம்மவர்களுக்கு இது தெரியும். கோயமுத்தூரில் ஒரு சர்ச் ஹாலில், ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான போட்டியின் முதல் ஆட்டத்திலேயே நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

வெள்ளையும் சொள்ளையும்

சூலூர் தறிக்காரர் குமாரசாமி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். பந்தும் வெள்ளை. சட்டையும் அதே நிறமாக இருந்தால் எதிரே ஆடுகிறவருக்குப் பந்து வருவதே தெரியாது. மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் மகன் பிரபுவின் கிளிப்பச்சை பனியனைத் தொப்பை பிதுங்க மாட்டிக்கொண்டு வந்து கேட்டார்:

"ஏனுங்க, சுத்தமா உடுத்தீட்டு வந்தது ஒரு குத்தமுங்களா?"

கறுப்பு ஆகாது

எதிராளி அன்னூரில் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கிற நாச்சிமுத்து. மட்டையை வாங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சிவப்பு ரப்பர்! ஒரு பக்கம் கறுப்பாக இருந்தே ஆகவேண்டும். இரண்டு ரப்பரிலும் பந்து வேறு வேறு மாதிரி சுழலும். எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிராளிக்குத் தெரிய வேண்டாமா?

அவர் மகள் கவிதா என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தாள். அவளும் பிரபுவும் விரும்புகிறார்கள். நாளைக்குக் குமாரசாமி வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். தோற்றுப்போனால் அந்த மனுஷன் ரோஷப்பட்டு வராமல் இருந்துவிடுவாரோ என்று பயந்து, அப்பாவையே தோற்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். பாவம், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அதற்காக நடுவரிடம் வந்து சொல்கிற சங்கதியா இது! காதில் விழாத மாதிரி போய், என் மட்டையை நாச்சிமுத்துவிடம் நீட்டினேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"நல்ல காரியம் பேசப்போற நேரத்துல கறுப்பக் கையில குடுக்கறீங்களே, நாயமுங்களா?"

முடியாத ஆட்டம்

ஒருவழியாக ஆட்டம் நடந்து, கடைசி கேமில் பத்துக்குப் பத்து. அதற்கு மேல் யாராவது இரண்டு பாயிண்ட் முந்தினால்தான் வெற்றி. சர்வீஸும் ஆளுக்கு ஒன்றாக மாறும். நாச்சிமுத்து தன் சர்வீஸை வலையில் போட்டார். சரி, மகள் சொல்லைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அடுத்து குமாரசாமி. அட, அவரும் வலையில்! இவர் போட, அவர் போட, ஸ்கோர்தான் ஏறியதே தவிர ஆட்டம் முடிந்தபாடில்லை. எண்களைத் திருப்பிக்கொண்டிருந்த ரெஜினா டீச்சர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"சார், பொண்ணு குடுக்கமாட்டாங்கன்னு பயந்து அந்தப் பையனும் அவங்கப்பாவைத் தோக்கச் சொல்லியிருக்கானாம்."

மஞ்சள் அட்டை

எனக்கு வந்ததே கோபம்! மஞ்சள் அட்டையை எடுத்து இரண்டு பேருக்கும் காட்டினேன். இனி வேண்டுமென்றே வலையில் போட்டால் இருவரையுமே வெளியேற்றச் சொல்லிவிடுவேன் என்றேன். கவிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது குமாரசாமி ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தார், சர்வீஸும் அவருடையது. வேறு வழியில்லாமல் ஒழுங்காகப் போட்டார். நாச்சிமுத்து அதை லட்டு மாதிரி தூக்கிக் கொடுத்தார். மேசைக்கு வெளியே போகட்டும் என்றுதான் குமாரசாமி ஓங்கி அடித்தார். அந்தப் பாழாய்ப்போன பந்து மேசையின் மேல் விளிம்பை உரசிக்கொண்டு இறங்கியது. அங்கே பட்டாலும் பாயிண்ட்தான். ஆட்டம் குமாரசாமிக்கு!

விளிம்பில் பட்டு ஜெயித்தால் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பது எங்கள் ஆட்டத்து மரியாதை. அவரோ மட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, பதறிப்போய்க் கத்தினார்:

"ஐயோ, மன்னிச்சுப்போடுங்க சம்பந்தி!"

ஜெயித்தவரும் தோற்றவரும் மேசையைச் சுற்றி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதால் யாருக்குப் பாயிண்ட் என்று எந்த விதியிலும் எழுதிவைக்கவில்லை, சாமி.