மேலே தொங்கிய காலண்டர்

சாந்தகுமாரி அக்காவின் மகள் ஜெனி போன் செய்தபோது நான் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவுக் கையோடுதான் எடுத்தேன். "சின்னம்மா, அம்மா குழாயாண்ட வுழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்தோம். உசுரு இல்லன்னுட்டாங்க" என்றாள். சங்கராந்தி லீவுக்கு அக்காவும் நானும் வேலை செய்யும் விடுதிச் சமையலறையை மூடி ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்று காலையில்தான் அக்கா என்னோடு போனில் பேசியிருந்தார். கை கழுவினேனா என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் அக்கா வீட்டுக் கதவில் காய்ந்த மாவு அப்பியிருந்தது. அது என் கைதான்.

அக்காவின் சர்ச் சபையார் ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க எழுதிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு இன்னா தேதி?" என்று கேட்டார். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். நல்ல மேய்ப்பர் படம் இருந்தது, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டபடி. படத்துக்குக் கீழே இருக்க வேண்டிய தேதித்தாள் கட்டு இல்லை. இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. சமையலறையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அது அதிசயமில்லை. ஜனவரி பிறந்து இருபது நாள் அக்கா வீட்டில் தேதியே கிடையாது.

அண்ணன்தான், அக்காவின் வீட்டுக்காரர், முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு அக்காவைப் பற்றி என்னை எழுதச் சொன்னார். நான் சபைக்காரி இல்லை. விஜயபுரம் பக்கத்துக் கிராமத்தில் தமிழில் அஞ்சாவது படித்ததோடு சரி. தெலுங்கு பேசுவேன், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. இரண்டு வரி எழுதினால் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன். அக்காவைத் தெரிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தூரில் தெலுங்கு காலண்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும். உகாதிவரை அதற்கு ஆள் வரும், விலை இறங்காது. தமிழில் தினமும் கிழிக்கிற காலண்டர் கடைத்தெருவில் ஒரே ஒரு நோட்டுக் கடையில்தான், அதுவும் கொஞ்சம்தான் வரும். மாட்டுப் பொங்கலன்று வரும் கனுமுக்கு மேல் அதைக் கேட்பவர்கள் குறைவு. கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். எந்த நாள் தள்ளுவார் என்பதுதான் கேள்வி. சீக்கிரம் போனால் முழு விலை, தாமதித்தால் காலி. அக்கா அதைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "மேல தொங்கற வரைக்கும் வாயத் தொறக்காத. கல்லாவாண்ட கீழ எறக்கி வெப்பான். அன்னிக்குப் போய் கேளு." எனக்கு இன்னொரு கட்டளையும் உண்டு. "நீ எதிர்ப்பக்கமாவே போ. ரெண்டு பேரும் நின்னு பார்த்தா உஷாராயிடுவான்." அதனால் அக்கா கடை முன்னால் நின்று அண்ணாந்து பார்ப்பார். நான் எதிர்வரிசையில் செருப்புக் கடையைப் பார்ப்பதுபோல நிற்பேன்.

"எவ்ளோக்கா மிஞ்சும்? இதுக்குப் போய் இவ்ளோ நடையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். சாம்பாரைக் கிளறிக்கொண்டே திரும்பினார். "போன நாளுக்கு நான் ஏன்மே துட்டு தரணும்?" என்றார். ஆனால் வாங்கிவந்த பிறகு அந்தப் போன நாட்களைக் கொத்தாகக் கிழித்துப் போட விடமாட்டார். ஒவ்வொரு தாளாகப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கிழிக்க வேண்டும். ஒன்றாம் தேதி கேக் கருகியது. மூன்றாம் தேதி தண்ணி வரவில்லை. ஐந்தாம் தேதி தேவி என்னோடு சண்டை. தேவி நான்தான். சண்டையே நடக்கவில்லை என்று நான் சொன்னால், "அப்ப இன்னா நடந்துச்சு? சொல்லு. சொன்னாதான் கிழிப்பேன்" என்பார்.

காலண்டரின் அட்டையில் எங்கள் சாமி படம்தான் இருக்கும். அக்கா அட்டையோடு மாட்டமாட்டார். தகரத்தை நிமிர்த்தித் தாள் கட்டை மட்டும் கழற்றி, பழைய மேய்ப்பர் அட்டையில் அடித்துக்கொள்வார். அந்த அட்டைக்கு என்ன வயது என்று ஜெனிக்கே தெரியாது. மிஞ்சிய சாமி அட்டை எனக்கு வந்துவிடும். என் வீட்டில் தேதியோடு ஒன்று, தேதியில்லாமல் நாலு முருகன், இரண்டு லட்சுமி. "இத்தினி முருகன வெச்சிக்கினு இன்னா பண்றே?" என்று கேலி செய்வார். "நீ குடுத்தா நான் குப்பையிலயா போடுவேன்?" என்பேன். வெற்றிலைக் காவிப் பல் தெரியச் சிரிப்பார்.

விடுதி வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காலண்டரில் தைப்பூசம் சிவப்பாக இருந்தது. விடுதிக்கும் லீவு என்று நினைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அங்கே இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க ஆளில்லை. அக்கா தன் வேலையோடு என் அண்டாவையும் சேர்த்து வடித்தார். கையில் கஞ்சி கொட்டிவிட்டது. சாயந்திரம் அந்தக் கையோடு என் வீட்டுக்கே வந்தார். திட்டப்போகிறார் என்று கதவோரம் நின்றேன்.

"காலண்டர எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

"இது அச்சடிச்சது தமிழ்நாட்டுல. அவங்க சிவப்பு வேற, நம்ம சிவப்பு வேற. தமிழ் தெரிஞ்ச பாவத்துக்கு உனக்கு ரெண்டு கவர்மெண்ட்டும் லீவு குடுக்குமா?"

கூட வந்திருந்த ஜெனியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தெலுங்குக் காலண்டரைப் படிக்கச் சொல்லி, தமிழ்நாட்டுச் சிவப்பை நீலப் பேனாவால் அடித்தார். ஸ்ரீராம நவமிக்கு எங்கள் சிவப்பைப் போட்டார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் இரண்டு தாள் கட்டுகளிலும் அப்படித் திருத்தித்தான் மாட்டுவோம். அவர் கையில் தழும்பு கடைசிவரை இருந்தது. அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

ஒரு வருஷம் எங்கள் கணக்கு தவறிவிட்டது. அக்காவுக்குக் காய்ச்சல். நாங்கள் போவதற்குள் தமிழ்க் காலண்டர் தீர்ந்துவிட்டது. திருப்பதியில் கிடைக்கும் என்று பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் வேண்டிய மட்டும் தொங்கின. பிப்ரவரி பிறந்தும் முழு விலை. "தமிழ்நாட்டு பக்தர்கள் வருஷம் பூரா வர்றாங்கம்மா, நான் ஏன் குறைக்கணும்?" என்றார் கடைக்காரர். நான் ஒன்று வாங்கினேன். அக்கா வாங்கவில்லை. அந்த வருஷம் முழுவதும் மேய்ப்பர் தேதியில்லாமலே இருந்தார். தினமும் சமையலறைக்குள் நுழைந்ததும் அக்காவின் முதல் பேச்சு, "தேவி, இன்னிக்கு இன்னா தேதி, நேத்து இன்னா ஆச்சு?" போனில் தேதி இருக்கிறதே என்றால், "போன்ல பார்க்கலாம், கிழிக்க முடியாதே" என்பார். அந்தக் கேள்வி வருஷம் முடிந்தும் நிற்கவில்லை.

அடக்கம் முடிந்து கனுமும் போன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. முப்பதாம் நாள் ஜெபத்துக்குள் அந்த மேய்ப்பர் கீழே தேதி இருக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. அக்கா போன அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுச் சுவருக்கு வராமலே போகக் கூடாது. தினமும் கடைத்தெருவுக்குப் போனேன், எதிர்ப்பக்கமாகவே. மேலே தொங்கிக்கொண்டிருந்தது. விடுதி திறந்தபின் வேலை முடிந்து போனேன், மேலேயே தொங்கியது. இருபது நாள் தாண்டியது. தைப்பூசம் போனது. செருப்புக் கடைப் பெண், "என்னம்மா, இன்னும் எந்தச் செருப்பும் பிடிக்கலையா?" என்று கேட்டாள். ஜெபத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. அக்கா சொன்னதை மீறி, மேலே தொங்கும்போதே தெருவைக் கடந்து போய்க் கேட்டேன்.

கடைக்காரர் கொக்கியோடு நிமிர்ந்து பார்த்தார். "தமிழ்தா? ரெண்டுதான் இருக்குது. ஒரு அம்மா வருவாங்க அதுக்கு. கட்டையா இருப்பாங்க, வெத்தலை போடுவாங்க. வருஷா வருஷம் வந்து அண்ணாந்து பாத்துக்கினு நிப்பாங்க, வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. அவங்க வந்து நின்னதுக்கு மறுநாள் கீழ எறக்குவேன். ஈ சாரி ராலேது. இந்த வாட்டி வர்ல. அதான் எறக்கல."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலண்டர் இறங்கட்டும் என்று நின்றேன். அவர் அக்கா வரட்டும் என்று நின்றார். சொன்னேன். கொக்கியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு இரண்டையும் இறக்கிக் கொடுத்தார். என்னுடையதற்குப் பாதி விலை கொடுத்தேன். அக்காவுடையதற்கு முழு விலை கொடுத்தேன். வாங்க மறுத்தார். போன நாளுக்குத் துட்டு தரக்கூடாது என்று அக்கா சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தப் போன நாட்களில் எட்டு நாள் அக்கா இருந்தார், ஒன்பதாவது நாள் பாதி நாள் இருந்தார்.

அண்ணன் தகரத்தை நிமிர்த்தி மேய்ப்பர் அட்டையில் தேதித்தாள் கட்டை அடித்தார். நானும் ஜெனியும் பக்கத்தில் நின்றோம். ஒன்றாம் தேதி, ராத்திரி ஆராதனையில் அம்மா தூங்கிவிட்டது. இரண்டாம் தேதி, மீன் குழம்பு. ஒவ்வொன்றாகச் சொல்லிக் கிழித்தோம். வெள்ளிக்கிழமை வந்தது. நான்தான் சொன்னேன். "அன்னிக்குக் காலைல அக்கா எனக்கு போன் பண்ணுச்சு. 'கனும் முடியட்டும், நான் போய் நின்னு பார்த்துட்டு வரேன். நீ பரபரன்னு ஓடாத'ன்னு சொல்லுச்சு." சொன்ன பிறகுதான் கிழித்தேன்.

அதற்குப் பின்னும் நிறைய தாள் இருந்தது. "மீதிய சேர்த்துக் கிழிச்சிடும்மா" என்றார் அண்ணன். நான் ஒப்பவில்லை. போனேன், மேலே தொங்கியது. போனேன், மேலே தொங்கியது. போனேன், மேலே தொங்கியது. தைப்பூசத் தாள் வந்தபோது ஜெனி, "அது அவங்க சிவப்பு, சின்னம்மா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். தேதியில்லாத சாமி அட்டைகள், இந்த வருஷம் வந்த பெருமாளோடு சேர்த்து ஏழு. அந்த வெள்ளிக்கிழமைத் தாள், பெருமாள் அட்டைக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். நீலத்தால் அடிக்க வேண்டிய சிவப்புகளை நானும் ஜெனியும் அடித்துவிட்டோம். காலையில் சமையலறைக்குப் போனால் தேதி கேட்க ஆளில்லை. அதனால் கிளம்பும் முன்னால் வீட்டிலேயே, நேற்று என்ன ஆனது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிழிக்கிறேன். அடுத்த ஜனவரியில் கனும் முடிந்ததும் கடை முன்னால் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன், அக்கா நின்ற பக்கத்திலேயே.