சேலைக் கமிட்டி அண்ணாச்சி

ஆவுடைநாயகம் அண்ணாச்சி இறந்த செய்தி அவருடைய பட்டப்பெயரில்தான் எனக்கு வந்தது. மேலகரத்தில் எங்கள் பீடித் தொழிலாளர் சங்கத்து அறையில் ஒரு மனுவுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மைமூன் அக்கா வாசலில் நின்று, உள்ளே வராமலே சொன்னாள்: "ஏலே, சேலைக் கமிட்டி போயிட்டாவளாம். விடியும்போதே உசுரு போயிருக்கு. ஒங்கம்மாட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா அழுதுருவேன்."

தென்காசியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். பேசியவர்கள் எல்லோரும் முன்னாள் சட்டசபை அங்கத்தினர் என்றார்கள், ஏழைப் பங்காளர் என்றார்கள். அந்தப் பட்டப்பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அது தெரியும். அதைச் சிரிப்பதற்காகச் சொன்னவர்களும் உண்டு. அது வந்த கதையைச் சொல்லாமல் அவருக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்த நல்ல காரியம் அவர் செய்த தவறுக்குள்தான் இருக்கிறது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் பீடித் தொழிலாளர் நிலைமையை விசாரிக்கச் சட்டசபை ஒரு குழு போட்டது. அண்ணாச்சி அதில் ஓர் அங்கத்தினர். குழு என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்கியவரே அவர்தான். சபை முழுவதும் ஊர் ஊராகப் போக முடியாது; அதனால் சிலரைப் பொறுக்கி அனுப்பும். அவர்கள் போய்க் கேட்பார்கள், பார்ப்பார்கள், அறிக்கை எழுதுவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் மசோதாவை எழுதுகிறவர்கள் அறிக்கையை வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். "அறிக்கையில இல்லாத பசி சட்டசபையில பசியே இல்ல பாத்துக்கோ," என்பார்.

அது தெரிந்தவர்தான் குழுவைச் சாரல் காலத்தில் கூட்டிவந்தார். எங்கள் தாலுகாவுக்கு எந்தக் குழு வந்தாலும் குற்றால சீசனில்தான் வரும். மற்ற மாதங்களில் எங்கள் வறுமையை விசாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல், பிறகு சாப்பாடு, பிறகு குற்றாலத்துச் சர்க்கார் பங்களாவில் சாட்சியம். ஆளுக்கு ஒரு கூடை மங்குஸ்தான். தன் ஊருக்கு வருகிறவர்கள் குறை சொல்லக்கூடாது என்பது அண்ணாச்சியின் கவலை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார்.

சாட்சி சொல்ல ஐந்து பெண்கள் போனார்கள். என் அம்மா இசக்கியம்மாள் அதில் ஒருத்தி. மைமூன் அக்கா ஒருத்தி. பேச்சி ஒருத்தி. முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சியின் மனைவி கோமதி அம்மாள் அவர்களை வீட்டுக்கு அழைத்துத் தன் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"ஏட்டி இசக்கி, மெட்ராஸ்காரவ முன்னால இந்தக் கிழிசலோடயா போய் நிப்ப? நம்ம ஊரு மானம் என்னத்துக்கு ஆவும்? இந்தப் பச்சையக் கட்டு."

"எனக்கு எதுக்கு அக்கா இவ்வளவு நல்ல சேலை? இலை வெட்டப் போறேனா, கல்யாணத்துக்குப் போறேனா?"

"கட்டுட்டி. அண்ணாச்சிக்கு நீ நல்லா இருக்கணும்லா."

அவர் பக்கத்திலேயே ஊஞ்சலில் இருந்தார். "மானமாப் போயி மானமா வாங்கட்டி," என்றார். அப்படிப்பட்ட ஒரு பெரிய வீட்டுச் சேலை எங்கள் தெருவுக்கு வருவதும், துவைத்துத் திருப்பிக் கொடுத்ததை அந்த அம்மாள் மறுபடி தன் உடம்பில் கட்டுவதும் அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. அதை நான் மறுக்கமாட்டேன். அன்பாகத்தான் கொடுத்தார்கள்.

அம்மாவைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனவன் நான். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு பீடிக்கடையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். குழுவின் தலைவர் மரியாதையான மனிதர். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்வீங்கம்மா?" என்று கேட்டார்.

"இப்பமாங்கய்யா? சாரல் பொழுதுல்லா. பொயிலத்தூளு நமத்துப் போவும்னு கடையில அரைகுறையாத்தான் தாராவ. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"மிச்ச நேரம்?"

"சும்மாதான் இருப்போம்," என்றாள் அம்மா. பெரிய மனிதர்கள் முன்னால் தன் பாட்டைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். குழுவும் சிரித்தது. ஓர் அங்கத்தினர், "எல்லாரும் நல்ல சேலையாக் கட்டியிருக்காங்க," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரல் இல்லாத மாதங்களில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை சுளகு என்னும் முறத்தை மடியில் வைத்து அந்தப் பெண்கள் பீடி சுற்றுவது அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை.

அறிக்கை இங்கிலீஷில் வந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா படித்துச் சொன்னதை நான் சங்கத்தில் பெண்களுக்குத் தமிழில் சொன்னேன். பெண்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், ஓய்வு நேரத்தில் சில மணி நேரம் சுற்றுகிறார்கள், ஆகவே கொட்டகையில் கூட்டமாக உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குச் சட்டம் செய்தால் போதும், வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களைச் சேர்க்கத் தேவையில்லை. அதன் சாரம் இதுதான். அடியில் எல்லோர் கையெழுத்தும் இருந்தது. குழுவில் ஒருவருக்கு ஒப்புதல் இல்லையென்றால் தனிக் குறிப்பு எழுதிச் சேர்க்கலாம். அப்படி ஒரு குறிப்பும் இல்லை.

அம்மா கேட்டாள்: "நல்ல நிலைன்னா, அந்தப் பச்சைச் சேலையவா சொல்லுதாவ?"

மைமூன் அக்கா சிரித்தாள். "அப்பம் வந்தது பீடிக் கமிட்டி இல்லட்டி, சேலைக் கமிட்டி." அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு அந்தப் பெயர்.

சட்டம் வந்ததும் முதலாளிகள் செய்ததை நீங்களே பார்த்தீர்கள். கொட்டகைகளை மூடினார்கள். இலையையும் தூளையும் வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டில் சுற்றுகிறவள் தொழிலாளி இல்லை. அவளுக்கு லீவும் இல்லை, பேறுகாலச் சம்பளமும் இல்லை. பேச்சி பிள்ளை பெற்ற சில நாளில் சுளகை எடுத்து மடியில் வைத்தாள். வைக்காவிட்டால் கடைக்காரன் அவள் பங்கு இலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவான். பிள்ளை அவள் பக்கத்தில், தூள் பறக்கிற இடத்திலேயே கிடந்தது. தங்கவில்லை.

அதற்குள் அண்ணாச்சி தேர்தலில் தோற்றிருந்தார். பிள்ளை செத்ததற்குத் துஷ்டி கேட்கப் பேச்சி வீட்டுக்குப் போனார். அவள் அழவில்லையாம். "அண்ணாச்சி, நான் சும்மா இருக்கவள்னு எழுதுனியள்லா. சும்மா இருக்கவளுக்கு இப்படி ஆவுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை.

"என்ன அண்ணாச்சி, சேலையத்தான் அன்னைக்கே திருப்பித் தந்தாச்சே. இன்னும் என்ன?"

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். என்னிடம் சொன்னார்: "எம் வீட்டுச் சேலைன்னு சொன்னா சாட்சியக் கலைச்சவன்னு பேராயிரும். தேர்தலு கண்ணு முன்னால நின்னுது. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும்னு நெனச்சேன். நடுங்கல. அதான் இப்பம் பயமா இருக்கு."

பிறகு அவர் மெட்ராஸுக்கும் தென்காசிக்குமாக அலைந்தார். பழைய அங்கத்தினர்களைப் பிடித்தார், மந்திரிகள் வீட்டு வாசலில் காத்திருந்தார். அறுபதுகளில் மறுபடி ஒரு குழு போடப்பட்டபோது அவர் வைத்த ஒரே வேண்டுகோள், சீசனில் வரவேண்டாம் என்பது. பங்குனி வெயிலில் வந்தார்கள். அருவி நூலாக வழிந்தது. வந்தவர்கள் முகத்தில் அந்தக் குறை தெரிந்தது.

அதே பங்களா. பழைய அங்கத்தினர் என்று அவருக்குத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். அவர், இந்தத் தடவை தங்கள் கிழிசலிலேயே வந்திருந்த பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முறை வந்ததும் எழுந்து, போன அறிக்கை தவறு, அந்தச் சேலைகள் என் வீட்டுச் சேலைகள், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னார். கோமதி அம்மாளும் அன்று வந்திருந்தார். தலை குனியாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலாளிகள் தரப்பில் வந்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அன்னைக்கு நல்ல சேலை கட்டச் சொன்னது இவர். அப்படின்னா இன்னைக்குக் கட்டியிருக்கிற கிழிசலும் இவர் சொல்லிக் கட்டினதுதானே?"

அண்ணாச்சியின் உண்மையே பெண்களின் சாட்சியத்தை இரண்டாம் தடவை கெடுத்துவிட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் எழுந்தாள்.

"ஐயா, சேலையப் பாக்காதிய. நாங்க சொல்லுததையும் நம்ப வேண்டாம். ஒரு எட்டு மேலகரம் வந்து, எந்த வீட்டுலயாவது நொழஞ்சு பாருங்க. யாருக்கும் சொல்லி அனுப்பல."

தலைவர் யோசித்துவிட்டு எழுந்தார். அண்ணாச்சியையும் கூப்பிட்டார்.

"நான் வரல," என்றார் அவர். "நான் வந்தா அதுவும் நான் அடுக்கி வச்ச கொலு ஆயிரும்."

"ஆமா, நீங்க இங்கனயே இருங்க அண்ணாச்சி," என்றாள் அம்மா. அவரை உட்காரச் சொல்லி எங்கள் தெருவில் ஒருத்தி உத்தரவு போட்டதை அன்றுதான் கேட்டேன்.

வீடு வீடாக நுழைந்தார்கள். தட்டிக் கூப்பிட்டும் பல பெண்கள் நிமிரவில்லை. "எந்திச்சா பீடிக்கட்டு கொறையும், நீங்க பேசுங்க," என்றாள் ஒருத்தி. ஒரு வீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த தொட்டிலுக்குக் கீழேயே புகையிலைத்தூள் குவிந்திருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது அண்ணாச்சி பங்களாப் படியில் வெயிலிலேயே இருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"கமிட்டிக்காரவ யாராவது தும்முனாவளா?"

"ரெண்டு மூணு பேரு."

"அப்பம் எழுதுவாவ."

எழுதினார்கள். வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளி என்று பிறகு சட்டமும் வந்தது. சட்டம் வந்துவிட்டது என்று இரங்கல் கூட்டத்தில் கை தட்டினார்கள். இன்றுவரை எங்கள் தெருவில் ஒருத்திக்கும் பேறுகாலச் சம்பளம் வரவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. பேச்சியின் பிள்ளைக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே போன வருஷங்களுக்கு அண்ணாச்சி பொறுப்பு. அவரே அதைக் கடைசிவரை மறுத்ததில்லை. யாராவது பாராட்டினால், "மொதல்ல கெடுத்தவன் யாருன்னு கேளும்வே," என்பார்.

அவரை இப்படி எழுத எனக்கும் யோக்கியதை இல்லை. போன மாதம் சட்டத்தை அமல்படுத்துவது பற்றிப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். முந்தின நாள் நான் மைமூன் அக்காவிடம் போய், அந்தக் கிழிந்த துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வா, கொஞ்சம் இருமு என்று சொன்னேன். அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, அவரு பட்டு குடுத்தாரு. நீ கிழிசல் குடுக்கியோ?"

அப்போது அண்ணாச்சி படுக்கையில் இருந்தார். போய் அவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். என்னைத் திட்டாமல் கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். வெட்கப்பட்டுக்கொண்டு போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று இருந்தபோதுதான் மைமூன் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் பேச்சை அல்ல, தியாகம் என்று மேடையில் சொன்னதையும் அல்ல. தன் கை பட்டால் கெட்டுவிடும் என்று தெரிந்த இடத்தில் வெயிலில் அவர் உட்கார்ந்திருந்ததை வைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் அதிகாரி மறுபடி வருகிறார். நான் அவர்கூட வரப்போவதில்லை என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். இலையை நறுக்கிக்கொண்டே, "வராட்டா நல்லதுதான்," என்றாள். "எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும்னு எனக்குத் தெரியும்."