பூட்டிய அறையின் இருமல்

திருப்பூரில் நான் குடியிருந்த லைன் வீட்டில் வரிசையாக மூன்று அறைகள். எதற்கும் ஜன்னல் கிடையாது. நடுச்சுவர்கள் கூரைவரை எட்டாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி. ஓர் அறையில் தீக்குச்சி உரசினால் அடுத்த அறையில் கேட்கும்.

முதல் அறையில் நான். கடைசி அறையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். நடுவில் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர். நான் செக்கிங் பார்த்த பனியன் கம்பெனியில்தான் அவர் டெய்லர், ஒடிசாப் பெண் ஹெல்பர். அக்காவுக்கு மாதக்கணக்கில் இருமல். சின்னதாய் இரண்டு, பிறகு இழுத்து ஒன்று.

அதே சமயத்தில் முதலாளிக்கும் இருமல் வந்தது. ஒரே வாரத்தில் கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுத்து, ஓய்வெடுத்து, தேறி வந்துவிட்டார்.

"நீங்களும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்கக்கா" என்றேன்.

"ஷிப்மென்ட் முடியட்டும்ளா. இப்ப லீவு கேட்டா, அப்படியே வீட்ல இருந்துக்கோன்னுருவாங்க."

அந்த ஷிப்மென்ட் முடிந்தது, அடுத்தது வந்தது. ரத்தமாகத் துப்பிய அன்றுதான் ஆட்டோவில் ஏற்றினோம். நான்காம் நாள் இறந்துபோனார். டிபி என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் பரிசோதனைக்கு வரவேண்டும் என்றும் சொன்னார்கள். நாங்களும் ஷிப்மென்ட் முடியட்டும் என்று இருந்துவிட்டோம்.

வீட்டுக்காரம்மா நடு அறையைப் பூட்டினார். "வெள்ளையடிச்சு வேற ஆளுக்கு உட்டரலாங் கண்ணு" என்றார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. சின்னதாய் இரண்டு. இழுத்து ஒன்று. கஞ்சி காலில் கொட்டியது. வெளியே ஓடிப் பார்த்தேன். நடு அறையில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் காது வைத்தேன். மறுபடியும் அதே இருமல்.

அப்போது ஒடிசாப் பெண் வெளியே வந்தாள். வாயைத் துப்பட்டாவால் பொத்தியிருந்தாள். இருமினாள். சின்னதாய் இரண்டு, இழுத்து ஒன்று. பூட்டிய அறைக்கு மேலாக இத்தனை நேரம் எனக்குக் கேட்டது அவளுடைய இருமல்தான். எனக்கு உயிர் வந்தது.

அவள் முகத்தில் மட்டும் பயம் போகவில்லை. பூட்டைக் காட்டினாள்.

"அக்கா, செத்துப்போன அக்கா உள்ள இருமுது. தினம் கேக்குது."

"அது நீ இருமுறதுதான் புள்ள."

"இல்லக்கா. நான் சும்மா படுத்திருக்கும்போது கேக்குது. இந்தப் பக்கம் இருந்து வருது."

அவள் விரல் என் அறையை நோக்கி நீண்டது. நான் இருமுகிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பஞ்சுத்தூசிக்குள் வேலை பார்க்கிற எங்களுக்கு இருமலும் மூச்சு மாதிரிதான், யாரும் கவனிப்பதில்லை.

மறுநாள் இரண்டு பேரும் லீவு சொல்லாமலே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். இருவருக்குமே டிபி. மருந்து இலவசம். "சீக்கிரம் வந்துட்டீங்க, சரியாயிரும். ஊட்ல காத்து வருமுங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. ஜன்னலே கிடையாது என்றோம்.

அவளுக்கு வேலை போயிற்று. எனக்குப் போகவில்லை, ஏனென்று இன்றுவரை தெரியாது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு இருவரும் பிழைத்தோம். இடையில் வீட்டுக்காரம்மாவிடம் ஜன்னல் கேட்டோம்.

"சன்னல் வெச்சா சாயப்பட்டறை நாத்தமெல்லாம் உள்ள வந்துருமே கண்ணு?"

ஒரு மதியம் நாங்களே கம்பியால் குத்தி என் அறையின் பின்சுவரில் இரண்டு கல்லைப் பெயர்த்தோம். கம்பு மாதிரி வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் நூல்நூலாக, வெள்ளையாக, அறை முழுக்கக் கம்பெனிப் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. அவள் சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நானும்.