டீச்சரின் கழித்தல் கணக்கு

எங்கள் அறையில் ஒரு கட்டில், இரண்டு பேர். நெருக்கியடித்துக்கொண்டு படுத்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ராத்திரி முழுக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கிவிட்டு விடியும்போது வருவேன். டீச்சர் அப்போதுதான் எழுந்து வேலைக்குக் கிளம்புவார். தலையணை அவரவருக்குத் தனி, மெத்தைச் சூடு மட்டும் பொது. பெரிய நகரத்தில் குடியிருக்கிற லட்சணம் இது. எங்கம்மாவோ, பொண்ணு வெளிநாட்டில் படிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்பது நான் வைத்த பெயர். ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். முப்பது வயதைத் தாண்டியபிறகு, சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசத் தெரியாத மகளை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, புள்ளியியலில் மேற்படிப்பு படிக்க விமானம் ஏறியவர். அவர் எனக்கு வைத்த பெயர் வாயாடி. பொருத்தமான பெயர்தான், நான் மறுக்கவில்லை.

அவருக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத இடம். துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சூடான உருளை இயந்திரத்துக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். விரல் கொஞ்சம் உள்ளே போனால் கதை முடிந்தது. மதியம் வரை அந்த ஆவியில் வெந்துவிட்டு, அப்படியே வகுப்புக்குப் போவார். வகுப்பில் கண் செருகினால் தொடையைக் கிள்ளிக்கொள்வாராம். ஒருமுறை பாவாடையைத் தூக்கிக் காட்டினார், தொடை முழுக்கக் கன்றிப்போயிருந்தது. "கிள்ளுறதுக்கு இனிமே இடமில்ல வாயாடி, அடுத்த பருவத்துக்கு உன் தொடையக் குடு" என்றார். சிரித்தோம். சிரிக்கிறதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

டீச்சரின் போனில் காதோடு வைத்துப் பேசுகிற வசதி கெட்டுப்போயிருந்தது. லவுட் ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசமுடியும். அதனால் அவர் குடும்பத்து சமாசாரம் எல்லாம் எனக்கும் அத்துப்படி. குழந்தை ஆரம்பத்தில் போனைப் பார்த்தாலே வீரிட்டு அழும். "ம்மா வா, ம்மா வா" என்று திரையைப் பிறாண்டும். பேசி முடித்தபிறகு டீச்சர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். "அவ அழாம இருந்தாப் போதும், வேற எதுவும் எனக்கு வேணாம்" என்று முணுமுணுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியாது.

புருஷன்காரரைக் குறை சொல்ல முடியாது, தங்கமான மனுஷன். இருவரும் பேசி வைத்திருந்த ஏற்பாடு இதுதான்: முதல் பருவத்தில் எல்லாப் பாடத்திலும் டீச்சர் தேறிவிட வேண்டும். தேறிவிட்டால் அவர் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு இங்கே வந்துவிடுவார். ஒன்றில் தவறினாலும் அடுத்த வருஷம்தான். தேறாதபட்சத்தில் அவரும் எந்த நம்பிக்கையில் வேலையை விடுவார்? ஐந்து பாடத்தில் நாலை டீச்சர் ஊதித் தள்ளிவிட்டார். மிச்சம் ஒன்று, திங்கட்கிழமை காலையில்.

இங்கே அவருடைய கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்து இத்தனை மாதமாகியும் அது ஊர் நேரத்தில்தான் ஓடியது. பாப்பா எழுந்திருப்பாள், பாப்பா சாப்பிடுவாள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இந்த ஊர் மணி வேண்டுமென்றால் மனதுக்குள் கழித்துக்கொள்வார். "மாத்தி வைங்களேன் டீச்சர், ஏன் இந்தப் பாடு?" என்பேன். "கணக்கு டீச்சருக்குக் கழித்தல் ஒரு பாடா?" என்பார்.

பரீட்சைக்கும் முந்தின நாளுக்கும் சேர்த்து லீவு போட்டார். போனை அணைத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே கொடுத்தார். கையில் இருந்தால் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவாராம். ஞாயிறு முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. திங்கட்கிழமை விடிந்து நான் வேலை முடிந்து வந்தபோது நாற்காலியில் சம்மணம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம் கிளம்பிடுங்க" என்றேன். "அரை மணி முன்னாடியே போய் நிப்பேன், நீ படு" என்றார். நான் கட்டை மாதிரி சாய்ந்தேன்.

விழித்தபோது டீச்சர் நாற்காலியில் இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன டீச்சர், அதுக்குள்ள வந்துட்டீங்க? சுலபமா இருந்துச்சா?"

"மணி என்ன வாயாடி?"

போனைப் பார்த்துச் சொன்னேன். தன் கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. மறுபடியும் கழித்துப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் இடிக்குது" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். குளிர்காலம் முடிகிறபோது இந்த ஊரில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அது நடந்து முடிந்துவிட்டது. எல்லார் போனும் தானாகவே மாறிக்கொள்ளும், அதனால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நாங்கள் இரண்டு பேருமே குளிர்காலத்தில் வந்திறங்கியவர்கள், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் பிறந்த ஊரில் நேரம் ஒருநாளும் இடம் மாறியதில்லையே!

"போற வழியில ஒரு கடிகாரம்கூடவா இல்ல?" என்று கத்தினேன்.

"காலேஜ் வாசல்ல பெருசா ஒண்ணு இருந்துச்சு. பார்த்தேன். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு கடிகாரம் என்னிக்காவது சரியா ஓடிப் பார்த்திருக்கியா? இதுவும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்."

பழைய வித்தியாசத்தையே கழித்துப் பார்த்து, அரை மணி முந்திப் போகிறோம் என்று ஆற அமர நடந்திருக்கிறார். பரீட்சை ஆரம்பித்து அரை மணிக்குமேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இவர் போகும்போது கதவைச் சாத்திவிட்டார்கள். கண்காணிப்பாளர் அம்மாள் கோபப்படவில்லையாம், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, விதியை மெதுவாக எடுத்துச் சொன்னாராம். கண்ணாடி வழியே உள்ளே காலியாகக் கிடந்த தன் மேஜையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

"ஒரு ஊரே சேர்ந்து ஒரு மணி நேரத்த முழுங்கிடுமா? அட பாவிகளா!" என்று நான் குதித்தேன். டீச்சர் என்னைத் தடுக்கவும் இல்லை, கூடச் சேர்ந்து திட்டவும் இல்லை. பெட்டிச் சாவியைக் கேட்டு வாங்கி, போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.



"சரி விடும்மா" என்றார் அந்த மனுஷன். "போனது போகட்டும். இன்னொரு வாட்டி எழுதிக்கலாம்."

"ஒரு வருஷம் தள்ளிப்போகுதேங்க."

"போகட்டும். நீ உடம்பப் பார்த்துக்க. பாப்பாவ நெனச்சு மனச அலட்டிக்காத. முன்ன மாதிரி இல்ல இப்போ. உன்னைத் தேடுறதே இல்ல. எங்கம்மாகிட்ட அவ்வளவு ஒட்டுதல். ராத்திரி எழுந்தாக்கூட பாட்டின்னுதான் கூப்பிடுறா. நீ நிம்மதியா படி."

ஆறுதலுக்குத்தான் சொன்னார், சத்தியமாக ஆறுதலுக்குத்தான். அந்த போனைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசலாம் போல இருந்தது எனக்கு.

"அப்படியா?" என்றார் டீச்சர். "நல்லதுங்க. சாப்பிட்டாளா? சரி. வைக்கிறேன்."

என்னால் அடக்க முடியவில்லை. "என்ன டீச்சர் நல்லது? எது நல்லது?"

அவர் கோட்டின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அழாம இருக்கால்ல வாயாடி. அதைத்தானே நான் தினமும் கேட்டேன். கெடச்சிருச்சு. என்னாலதான் தாங்க முடியல."